அம்மாவோட புழுங்கல் அரிசியா, மச்சானோட நானோ மஞ்சளா? வீட்ல ஒரே சண்ட

பால்மரத்து_பையன்
வணக்கம் எல்லாருக்கும். மலேசியா, நெகிரி செம்பிலான் பகாவ்லருந்து எழுதறேன், டவுன்லருந்து கொஞ்சம் உள்ள, முன்ன ரப்பர் தோட்டம், இப்ப பாக்கற பக்கம்லாம் செம்பனை. விசயம் என்னன்னா அம்மாவுக்கு ரொம்ப வருசமா இனிப்பு நீர், அதான் சக்கரை வியாதி, கவர்மெண்ட் கிளினிக் மருந்துதான், வீட்ல எப்பவும் பொன்னி புழுங்கல் அரிசிதான். இப்ப அக்கா வீட்டுக்காரரு ஒரு டைரக்ட் செல்லிங் கம்பெனில சேந்துட்டு நானோ மஞ்சள்னு ஒரு போத்தல் கொண்டாந்து மேசைல வெச்சுட்டாரு, 180 வெள்ளி (ரிங்கிட்). அடுப்புல ஏத்துனா ஒரு சத்தும் நிக்காது, நீங்க சாப்பிடற சோறு வெறும் சக்கரை, சத்து எல்லாத்தையும் இதுக்குள்ள பூட்டி வெச்சிருக்காங்கன்னு ஒரே லெக்சர். அம்மா மருமகன் சொல்றாரேன்னு தலைய ஆட்டறாங்க. நெசமாவே சமச்சா எல்லாம் போயிடுமா? நானோன்னா என்ன? சண்ட போடறதுன்னு ஆச்சு, நாலு விசயம் தெரிஞ்சுக்கிட்டு போடலாம்னு பாக்கறேன்.

ஒட்டுக்கடை_டேவிட்
சமச்சா எல்லா சத்தும் போயிடும்னா உங்க மச்சான் இத்தன வருசமா எப்படி லா உயிரோட இருக்காரு, பச்சையாவா மேஞ்சாரு

ஃபுட்டெக்_கலை
தம்பி, உங்க மச்சான் சொன்னதுல கால்வாசி உண்மை, அதான் பிரச்சனையே, முழுப் பொய்யா இருந்தா சுலபமா தள்ளிடலாம். நான் ஃபுட் டெக்னாலஜி படிச்சுட்டு சிரம்பான் பக்கம் ஒரு ஃபேக்டரில குவாலிட்டில இருக்கேன், தெரிஞ்சத சொல்றேன்.

சத்துன்னு எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டிப் பேசக்கூடாது. இரும்பு, கால்சியம்லாம் எவ்ளோ சூடு வெச்சாலும் அழியாது, வேக வெச்ச தண்ணிய கொட்டுனா அதோட போகும் அவ்ளோதான். வைட்டமின் சி சூடு காத்து தண்ணி மூணுக்குமே தாங்காது. பி1, அதாவது தயமின், தண்ணில கரையும், சூட்டுல கொஞ்சம் கொஞ்சமா குறையும், சோடா உப்பு பட்டா ரொம்ப வேகமா போயிடும். முருங்கைக்கீரை கேரட்ல இருக்கற பீட்டா கரோட்டின் வேற சாதி, தண்ணில கரையாது, வேக வெச்சா செல் உடைஞ்சு இன்னும் நல்லாவே வெளிய வரும், ஆனா கூட கொஞ்சம் எண்ணெய் இல்லன்னா குடல் அத எடுத்துக்காது, வெளிச்சமும் காத்தும் பட்டுக்கிட்டே இருந்தா வெளுத்துப் போகும். தக்காளியோட செகப்பு, லைக்கோப்பீன், அது எண்ணெய்ல வதக்கி சாப்பிட்டாத்தான் பச்சைத் தக்காளிய விட உடம்புல நல்லா சேருது. ஆக சமச்சா போறதும் இருக்கு, சமச்சாத்தான் கிடைக்கறதும் இருக்கு.

நாங்க பாக்கறது ரெண்டே கேள்வி. வயல்லருந்து வாய் வரைக்கும் எவ்ளோ தங்குது, வாய்க்குள்ள போனது ரத்தத்துல எவ்ளோ சேருது. முதல் கேள்விக்கு உலகத்துலயே பழைய பதில்ல ஒண்ணு உங்கம்மா சாப்பிடற புழுங்கலே. நெல்ல உமியோட ஊற வெச்சு, ஆவி காட்டி, காய வெச்சு, அப்பறம்தான் அரைக்கறாங்க. ஊறும்போது தவிட்டுப் பக்கம் இருக்கற பி வைட்டமின் தண்ணியோட அரிசிக்கு நடுவுல இறங்கிடுது, ஆவில மாவுச்சத்து வெந்து இறுகி அத உள்ளயே வெச்சு மூடிடுது. அப்பறம் மிஷின் தவிட்ட உரிச்சு எடுத்தாலும் நெறைய மிச்சம் இருக்கும். பச்சரிசில அப்படி இல்ல, தவிடு போனா தயமின் பெரும்பகுதி அதோடயே போச்சு. ஆவி காட்டும்போது கொஞ்சம் சூட்டுல அழியத்தான் செய்யும், ஆனா அரவைல காப்பாத்தறது அத விட ரொம்ப அதிகம்.

பழைய_டிரெசர்
அம்மா கலை நல்லா சொல்லிடுச்சு. நான் தோட்டத்து ஆஸ்பத்திரில டிரெசரா, அதாவது மருத்துவ உதவியாளரா இருந்து ரிட்டையர் ஆனவன். இந்தப் புழுங்கல் கதைய வேற ஊர்ல போய் தேடவே வேணாம், நம்ம நெகிரி செம்பிலான் கதை, நம்ம சனங்க சாப்பிட்ட அரிசியோட கதை.

1900 சுமாருக்கு மலாயால பெரிபெரின்னு ஒரு நோய் ஆளுங்கள கூட்டம் கூட்டமா அடிச்சுச்சு. கால் மரத்துப் போகும், நடக்க முடியாது, சில பேருக்கு உடம்பு வீங்கி இருதயம் நின்னு போயிடும். ஈய லம்பத்துல (சுரங்கத்துல) வேல செஞ்ச சீனங்கதான் அதிகமா செத்தாங்க. பக்கத்து தோட்டத்துலயே இருந்த தமிழ்க் கூலிங்களுக்கு அவ்வளவா வரல. அவங்க மட்டும் என்ன பணக்காரங்களா, அதே காடு, அதே கொசு, கூலி அத விட கம்மி. சிரம்பான்ல அரசாங்க டாக்டரா இருந்த பிராடன் அரிசிய பாத்தாரு. சீனங்க சாப்பிட்டது சியாம்லருந்தும் ரங்கூன்லருந்தும் வந்த மிஷின் வெள்ளரிசி. தமிழங்க சாப்பிட்டது இந்தியாலருந்து வந்த புழுங்கல். 1907ல அதப்பத்தி தடியா ஒரு புத்தகமே போட்டாரு. ஆனா வெள்ளரிசில ஏதோ விஷம் இருக்குன்னுதான் அவரு நெனச்சாரு, ஏதோ ஒண்ணு குறையுதுன்னு அவருக்குத் தோணல.

அதுக்கு முன்னயே, 1905ல, கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரில பிளெட்சர்னு ஒரு டாக்டர், உள்ள இருந்த நோயாளிங்கள வரிசையா நம்பர் போட்டு ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு சியாம் வெள்ளரிசி, மறு பாதிக்கு புழுங்கல்னு குடுத்துப் பாத்தாரு. வெள்ளரிசி பக்கம் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் விழுந்தாங்க, பல பேரு செத்தே போனாங்க. புழுங்கல் பக்கம் புதுசா யாருக்கும் வரல. அப்பறம் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துல இருந்த ஃப்ரேசரும் ஸ்டாண்டனும் இதயே நம்ம மாநிலத்துல காட்டுக்குள்ள ரோடு போட்டுக்கிட்டிருந்த ஜாவாக்காரங்கள வெச்சு செஞ்சாங்க. மூணு மாசம் போல ஆனதும் வெள்ளரிசி கூட்டத்துல நோய் ஆரம்பிச்சுச்சு, புழுங்கல் கூட்டத்துக்கு ஒண்ணுமில்ல. அரிசிய மாத்திக் குடுத்தாங்க, நோயும் அந்தப் பக்கம் மாறிடுச்சு. 1909ல எழுதி வெளியிட்டாங்க. தவிட்டுல ஏதோ ஒண்ணு இருக்குன்னு அடிச்சுச் சொன்னாங்க. ஜாவால ஐக்மான்னு ஒரு டச்சு டாக்டர் கோழிய வெச்சு அதுக்கு முன்னயே இத பாத்திருந்தாரு, 1929ல நோபெல் பரிசு அவருக்குப் போச்சு. அந்த ஏதோ ஒண்ணத் தனியா பிரிச்சு எடுத்தது 1926, பத்தாவியால (இப்ப ஜகார்த்தா), அதான் கலை சொன்ன தயமின்.

மருமகன் கேட்டாருன்னா சொல்லு தம்பி, சத்த உள்ள பூட்டி வெக்கற வேலைய நம்ம பாட்டனுங்க சட்டி வெச்சு செஞ்சுட்டாங்கன்னு.

ஜெம்போல்_ராக்கெட்
அண்ணே ஒரு நிமிசம். மனநோயாளிங்களையும் ஒப்பந்தக் கூலிங்களையும் வெச்சு, செத்தாலும் பரவால்லன்னு அரிசி குடுத்துப் பாத்தது உங்களுக்கு பெருமையா இருக்கா? யாராச்சும் அவங்கள கேட்டாங்களா? இத எல்லாம் விஞ்ஞானம்னு சொல்லி கை தட்றது எனக்கு ஒரு மாதிரி இருக்கு.

பழைய_டிரெசர்
கேட்கல தம்பி. பேரு கூட தெரியாது, நம்பர் மட்டும்தான். தைப்பூசத்துல நமக்குத் தண்ணிப் பந்தல் போடற மாதிரி நெனச்சு அவங்க இதச் செய்யல, ரோடு வேலையும் லம்பமும் நின்னு போகுதேன்னுதான் செஞ்சாங்க. கூலி செத்தா நஷ்டம். அந்தக் கணக்க நான் மறைக்கல. ஆனா அதுல செத்தவங்களாலதான் இன்னிக்கு தயமின்னு ஒண்ணு நமக்குத் தெரியுது, அதச் சொல்லாம விட்டாத்தான் அவங்களுக்கு துரோகம்.

ஜெம்போல்_ராக்கெட்
சரிண்ணே. பெருமைன்னு சொல்லாம இருந்தா சரி.

வெல்னஸ்_தலைவன்
எல்லாரும் பழங்கதை பேசிட்டு இருக்கீங்க. நண்பர்களே காலம் மாறிடுச்சு. மஞ்சளோட முக்கியச் சத்து குர்குமின், சாதாரண மஞ்சள்ல சாப்பிட்டா உடம்புல சேரவே சேராது, இது டாக்டருங்களே ஒத்துக்கிட்ட விசயம். அதான் நானோ டெக்னாலஜி. எங்க ப்ராடக்ட் எடுத்த ஆயிரக்கணக்கான பேர் சாட்சி. விவரம் வேணுன்னா தனி மெசேஜ் போடுங்க.

ஒட்டுக்கடை_டேவிட்
வந்துட்டாருய்யா. மச்சான் நீங்கதானா

ஃபுட்டெக்_கலை
டேவிட் சும்மா இருங்க, அவரு சொன்ன முதல் வரி உண்மைதான். சமையல் மஞ்சத்தூள்ல குர்குமின் 3 சதவீதம் போலத்தான். அதுவும் தண்ணில கரையாது, காரத்தன்மைக்கு வந்தா சீக்கிரம் சிதையும், குடல்ல எடுத்துக்கறதையும் கல்லீரல் ஒடனே மாத்தி வெளிய தள்ளிடும். பெங்களூர்காரங்க 1998ல வெளியிட்ட ஒரு ஆராய்ச்சி இருக்கு, 2 கிராம் குர்குமின தனியா குடுத்தா ரத்தத்துல கண்டுபிடிக்கவே கஷ்டமான அளவுதான் தெரிஞ்சுது, மிளகுல இருக்கற பைப்பரின் 20 மில்லிகிராம் சேத்துக் குடுத்தா 2000 சதவீதம் கூடுச்சு. இந்த 2000த்த பிடிச்சுக்கிட்டுதான் உலகம் பூரா போத்தல் விக்கறாங்க. ஒண்ணுமே இல்லாத அளவ இருவது மடங்கு பெருக்குனா இன்னும் கொஞ்சம்தான் வரும்னு யாரும் லேபிள்ல போட மாட்டாங்க.

நானோன்னா மந்திரம் ஒண்ணும் இல்ல. எண்ணெய்ல கரையற சத்த எண்ணெய்ல கரைச்சு, அந்த எண்ணெய கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துளியா உடைச்சு, ஒண்ணோட ஒண்ணு சேந்துடாம சுத்தி லெசித்தினோ புரதமோ ஒரு தோல் போத்தறது. துளி சின்னதா இருந்தா பித்தநீர் சீக்கிரம் அத எடுத்துக்கும், கரோட்டின், குர்குமின், வைட்டமின் டி எல்லாத்துக்கும் இத முயற்சி பண்றாங்க. இன்னொரு முறை ஸ்ப்ரே ட்ரையிங், சத்த மால்டோடெக்ஸ்ட்ரின்னு ஒரு மாவுப்பொருள் இல்லன்னா வேல மரத்துப் பிசின் கரைசல்ல கலந்து 150, 200 டிகிரி சூடான காத்துக்குள்ள பீச்சி அடிப்பாங்க, தண்ணி ஒரு நொடி ரெண்டு நொடில ஆவியாகிடறதால துளி அந்த அளவு சூடாகறதுக்கு முன்னயே பொடியாகி விழுந்துடும். பால்மாவுல வைட்டமின் ஏ மாசக்கணக்கா நிக்கறது இந்த மாதிரி போர்வைனாலதான். இதெல்லாம் நல்ல விஞ்ஞானம், எனக்கு ரொம்ப பிடிச்ச விசயமும் கூட.

ஆனா ரத்தத்துல அதிகமா சேருது அப்படிங்கறது ஒரு விசயம், நோய் குணமாகுதுங்கறது வேற விசயம். அதுக்கு தனியா நிரூபிக்கணும். அதிகமா சேர வெக்கறதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு, பைப்பரின் கல்லீரல் மருந்துகள உடைக்கற வேகத்தையே தடுக்குது, அப்ப மத்த மருந்தும் உடம்புல கூட நேரம் தங்கும். மஞ்சள் மாத்திரை சாப்பிட்டு கல்லீரல் வீங்குன கேசு இத்தாலில 2019ல வரிசையா வந்துச்சு. ரசத்துல போடற மஞ்சள் மிளகுக்கு இந்த பயம் வேணாம், அளவு ரொம்ப கம்மி. வெல்னஸ் தலைவரே, உங்க போத்தல்ல மால் நம்பர் இருக்கா? நம்ம நாட்டுல மாத்திரை காப்சூல் வடிவுல விக்கற சத்து மருந்துக்கெல்லாம் என்பிஆர்ஏங்கற அரசாங்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்போட பதிவு நம்பரும் (அதான் மால் நம்பர்) ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கணும். நம்பர இங்க போடுங்க, எல்லாரும் தட்டிப் பாக்கலாம்.

செம்பனை_சின்னவன்
தலைவர் இனிமே வரமாட்டாரு, நான் கேக்கறேன். நான் பனை எண்ணெய் மில்லுல ஷிப்ட். எங்க மில்லுலருந்து போற எண்ணெய் நல்ல செக்கச்செவேல்னு இருக்கும், கடைல பாக்கெட்ல வாங்கறது வெளிர் மஞ்சள். அந்த செகப்பு எங்க போகுது? அதான் சத்துன்னு சூப்பர்வைசர் சொல்வாரு.

ஃபுட்டெக்_கலை
சூப்பர்வைசர் சரியாத்தான் சொல்றாரு. கச்சா செம்பனை எண்ணெய்ல கிலோவுக்கு 500லருந்து 700 மில்லிகிராம் கரோட்டின், அந்த செகப்பே அதான். ரிஃபைனரில முதல்ல ஒரு வகை களிமண்ணு போட்டு நிறத்த உறிஞ்சுவாங்க, அப்பறம் வாடை போறதுக்கு 240 டிகிரிக்கு மேல வெற்றிடத்துல ஆவி விடுவாங்க, மிச்சம் இருக்கற கரோட்டின் அங்க சிதஞ்சு போகும். டோக்கோட்ரையீனால்னு வைட்டமின் ஈ குடும்பத்துல ஒண்ணு செம்பனைல நெறைய இருக்கு, அதுலயும் ஒரு பங்கு அந்த ஆவியோட போயிடும். போனத ஒதுக்குப் பொருள்லருந்து திரும்பப் பிரிச்சு காப்சூல்ல போட்டு நமக்கே விக்கறாங்க, இதுல சிரிக்கறதா அழுவறதான்னு தெரில. செகப்பு போகாம மென்மையா வடிச்சு எடுக்கற முறையும் நம்ம நாட்டுலயே இருக்கு, சூப்பர்மார்க்கெட்ல கரோட்டினோன்னு விக்கறது அந்த வகை. அத வாங்குனா தாளிக்க, கீரை பெரட்ட வெச்சுக்குங்க, அப்பளம் பொரிக்க ஊத்தி திரும்பத் திரும்ப காய்ச்சுனா கரோட்டின் போயிடும், வெறும் விலை கூடுன எண்ணெய்தான் மிச்சம்.

ராஜி_கோலப்பிலா
கலை எனக்கு ரெண்டு மூணு சந்தேகம் இருக்கு டா. அரிசிய எத்தன தடவ கழுவறது? எங்க மாமியார் தண்ணி கண்ணாடி மாதிரி வர்ற வரைக்கும் விட மாட்டாங்க. அப்பறம் கஞ்சி வடிக்கறது. அப்பறம் கடலைக்கு ஆப்ப சோடா. இன்னொண்ணு பழைய சோறு நல்லதுன்னு யூட்யூப்ல ஆளாளுக்கு சொல்றாங்களே.

ஃபுட்டெக்_கலை
ராஜி அக்கா, ரெண்டு அலசு போதும், தயமின் கழுவற தண்ணிலயே இறங்கும், பச்சரிசில ரொம்ப, புழுங்கல்ல கம்மி. கஞ்சிய வடிச்சா கரஞ்சது அதோட போகும், வடிச்ச கஞ்சிய உப்பு போட்டு குடிச்சிட்டீங்கன்னா கணக்கு சரியாப் போச்சு. கடலைக்கு சோடா வேண்டவே வேணாம், ராத்திரி ஊற வெச்சு குக்கர்ல விடுங்க. பழைய சோறு, ஆறும்போது மாவுச்சத்துல ஒரு பங்கு திரும்ப இறுகி குடல்ல சீக்கிரம் ஜீரணமாகாத மாதிரி மாறும், அதனால சக்கரை கொஞ்சம் மெதுவா ஏறும். ஆனா நம்ம ஊரு வெக்கைக்கு சோத்த மேசைல மூடி வெச்சு காலைல சாப்பிடறது வயித்துக்கு ஆபத்து, வேகும்போதும் சாகாத ஒரு பாக்டீரியா சோத்துலயே வளரும். ஆறுனதும் ஐஸ்பெட்டில வெச்சிடுங்க. சாப்பிட்ட கையோட தே தாரேக் குடிக்கற பழக்கத்தயும் விடுங்க எல்லாரும், தேத்தண்ணி சாப்பாட்டுல இருக்கற இரும்ப பிடிச்சு வெச்சுக்கும், ஒரு மணி நேரம் கழிச்சு குடிங்க.

ஒட்டுக்கடை_டேவிட்
இது நேரா என் வியாபாரத்துல கை வெக்கற மாதிரி இருக்கே

ராஜி_கோலப்பிலா
ஒண்ணு மறந்துட்டேன். இந்தியாவுல ரேசன்ல பிளாஸ்டிக் அரிசி கலக்கறாங்கன்னு ஒரு வீடியோ குரூப் குரூப்பா வருது, தண்ணில மிதக்குது. அது என்ன கூத்து?

ஃபுட்டெக்_கலை
பிளாஸ்டிக் இல்லக்கா. அரிசி மாவுல இரும்பு, ஃபோலிக் ஆசிட், பி12 கலந்து மிஷின்ல அழுத்தி மறுபடி அரிசி உருவத்துக்கே கொண்டு வர்றது, 100 அரிசிக்கு 1 கணக்குல சாதா அரிசில சேப்பாங்க. அடர்த்தி வேற, அதனால சிலது மிதக்கும். சத்த அரிசி மேல சும்மா பூசி விட்டா உங்க மாமியார் மாதிரி கழுவறவங்க வீட்ல ஒண்ணும் மிஞ்சாது, அதான் உள்ளுக்குள்ள வெக்கறாங்க. சாதாரண இரும்பு உப்பு போட்டா சோறு கறுத்துப் போய் எண்ணெய் வாடை வரும், அதுக்காக வெள்ளையா இருக்கற ஃபெரிக் பைரோஃபாஸ்பேட்டுன்னு ஒரு இரும்பு, அது சோத்தோட எதுவும் வேல காட்டாது, அதே காரணத்தால உடம்புலயும் கொஞ்சம் கம்மியாத்தான் சேரும். எங்க துறைல எப்பவும் இந்த இழுபறிதான், நல்லா நிக்கறது சேராது, நல்லா சேர்றது நிக்காது.

பழைய_டிரெசர்
தம்பி பால்மரத்து பையா, நீ கேட்டுட்டு ஓடிட்ட. ஒண்ணு கேக்கறேன். இத்தன வருசமா இனிப்பு நீர்னு சொன்னியே, அம்மாவுக்கு பாதம் எரியுது, மரத்துப் போகுதுன்னு ஏதாச்சும் உண்டா?

பால்மரத்து_பையன்
அண்ணே இருக்கு. அதுக்காகத்தான் மச்சான் இந்தப் போத்தலையே கொண்டாந்தாரு, நரம்புக்கு நல்லதுன்னு. ராத்திரி பாதம் பஞ்சு மேல நிக்கற மாதிரி இருக்குன்னு சொல்வாங்க. சிலிப்பர் கழண்டு போனதே தெரியாம நடந்து வந்திருக்காங்க. மருந்து மெட்ஃபோர்மின்தான் ஆரம்பத்துலருந்து. கறி மீன் எல்லாம் விட்டும் வருசமாச்சு, முருகனுக்கு நேந்துக்கிட்டது, முட்டை கூட தொட மாட்டாங்க. இத வச்சு பாத்தா புழுங்கல்ல பி1 இருக்குன்னா அது போதும்ல?

ஃபுட்டெக்_கலை
தம்பி இத முதல்லயே சொல்லிருக்கலாம்ல. மெட்ஃபோர்மின் ரொம்ப வருசம் எடுத்தா பி12 உடம்புல சேர்றது குறையும், இது மருந்துப் புத்தகத்துலயே இருக்கற விசயம். பி12 கறி, மீன், முட்டை, பால்ல இருக்கும், அரிசிலயும் கீரைலயும் கிடையாது. புழுங்கினாலும் கிடையாது, நானோ பண்ணாலும் கிடையாது, மஞ்சள்ல இல்லாத ஒண்ண எவ்ளோ சின்னத் துளியா உடைச்சாலும் வராது.

பழைய_டிரெசர்
அதத்தான் சொல்ல வந்தேன். கால் மரத்துப் போறதுக்கு சக்கரையே நரம்ப கெடுத்திருக்கலாம், பி12 குறைஞ்சிருக்கலாம், பி1 கூட இருக்கலாம், பாக்கறதுக்கு எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியும். அந்தக் காலத்துல ரத்தம் எடுத்துப் பாக்க வழியில்லாமத்தான் ஆளுங்களுக்கு அரிசி மாத்திக் குடுத்துப் பாத்தாங்க. இப்ப ஒரு ட்யூப் ரத்தம் போதும். அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரைக்கும் காத்திருக்காத, கால் காரணம்னு சொல்லி முன்னயே கூட்டிட்டுப் போ. அந்தப் போத்தலையும் கைல எடுத்துட்டுப் போ, டாக்டர் பாக்கட்டும்.

பால்மரத்து_பையன்
போயிட்டு வந்தாச்சுண்ணே. டாக்டரம்மா மெல்லிசா நைலான் நூல் மாதிரி ஒண்ண வெச்சு பாதத்துல அங்கங்க தொட்டுத் தொட்டு கேட்டாங்க, நாலஞ்சு எடத்துல அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியல, பக்கத்துல நின்னு பாத்த எனக்கு திக்குனு ஆயிடுச்சு. பி12க்கு ரத்தம் எடுத்திருக்காங்க, ரிசல்ட் வந்ததும் கூப்பிடறேன்னாங்க. சோறு புழுங்கலே இருக்கட்டும், சக்கரை மெதுவா ஏறும், ஆனா அளவு ஒரு சின்ன மங்குதான், காய்கறி அத விட கூட இருக்கணும்னு சொல்லி விட்டுட்டாங்க. போத்தல திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, மால் நம்பர் எங்கயும் இல்ல, எடுக்காதீங்கன்னு ஒரே வார்த்த. மச்சான்கிட்ட சொன்னேன், கம்பெனில ரெஜிஸ்டர் பண்ணிட்டு இருக்காங்கலாம், அடுத்த மாசம் இனிப்பு நீருக்கு காப்பி வருதாம். அம்மா இப்ப என்ன கேக்கறாங்கன்னா, பி12 கம்மின்னு வந்தா கறி சாப்பிடணுமா, நேத்திக்கடன் என்னாகறது?

ஃபுட்டெக்_கலை
நேத்திக்கடன மாத்த வேணாம். கம்மின்னா டாக்டரே ஊசியோ மாத்திரையோ குடுப்பாங்க, அந்த பி12 நுண்ணுயிர் வளத்து எடுக்கறது, ஆட்டுலருந்தோ மாட்டுலருந்தோ வர்றதில்ல. பாலும் தயிரும் விலக்கு இல்லன்னா அதுலயும் கொஞ்சம் கிடைக்கும். ஃபார்மசில நீங்களா எதுவும் வாங்காதீங்க, ரிசல்ட் வரட்டும்.

பழைய_டிரெசர்
அதுவரைக்கும் அம்மாவ வெறுங்கால்ல வெளிய விடாத, வீட்டுக்குள்ளயும் சிலிப்பர், பின்னால வார் வெச்சது வாங்கு. ராத்திரி படுக்கறதுக்கு முன்ன ரெண்டு பாதத்தையும் திருப்பி வெரல் சந்து வரைக்கும் நீயே பாரு, செம்பனை முள்ளு குத்தி சீழ் பிடிச்சாலும் அவங்களுக்குத் தெரியாது.